கிறிஸ்துமஸ் பரிசும் விருந்தும் வீட்டிலேயே: எதை எப்போது தொடங்கி எந்த வரிசையில் முடிப்பது

கைவேலை நன்றாகத் தெரிந்தவர்கள்கூட கிறிஸ்துமஸ் வாரத்தில் திணறிப் போவதற்கு வரிசை தப்புவதுதான் முதல் காரணம். இரண்டு வாரம் ஆறவேண்டிய மெழுகுவர்த்தியை 23ஆம் தேதி ஊற்றுகிறார்கள். சில நாளில் நமுத்துப்போகும் பிஸ்கட்டை டிசம்பர் பிறந்ததுமே சுட்டு டப்பாவில் அடைக்கிறார்கள். இரண்டையும் இடம் மாற்றிச் செய்திருந்தால் அதே உழைப்புக்கு இரண்டுமே அருமையாக வந்திருக்கும்.

ஆகவே கீழே உள்ள படிகளை, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே தந்திருக்கிறேன். எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. செய்பவற்றை இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் பெயர்கள், பிறகு பொருள்கள்

படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு மெழுகும் மணியும் வாங்கிக் குவிப்பதற்கு முன், யாருக்கெல்லாம் கொடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நாலு விஷயம் குறியுங்கள்: உணவு ஒவ்வாமை உண்டா, வீட்டில் கைக்குழந்தை உண்டா, நாயோ பூனையோ வளர்க்கிறார்களா, பரிசு கையில் போகுமா தபாலில் போகுமா.

இந்த நான்கும் பாதி முடிவை எடுத்துவிடும். முந்திரி ஒத்துக்கொள்ளாதவருக்குப் பழக் கேக் போகாது. தபாலில் போகும் கண்ணாடிக் குடுவை உடையலாம். ஆஸ்துமா உள்ளவர் வீட்டுக்கு வாசனை மெழுகுவர்த்தி தகாது.

பிறகு பெயர்களைக் குழுவாக்கி, இரண்டு அல்லது மூன்று வகைப் பரிசோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தக் கைவேலையிலும் நேரம் பிடிப்பது முதல் ஒன்றுதான். மெழுகை உருக்கி, அளந்து, வெப்பம் பார்த்து முதல் குடுவையை ஊற்றியபின், அடுத்த ஒன்பதும் மளமளவென்று முடியும். பத்துப் பேருக்குப் பத்து வகை என்றால், பத்து முறை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

2. டிசம்பர் 25இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கேள்விகள்: செய்தபின் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும், செய்தபின் எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும். காத்திருப்பு அதிகமானது முதலில். ஆயுள் குறைந்தது கடைசியில்.

கேக்குக்கு நாலு முதல் ஆறு வாரம். காஸ்டிக் சோடா என்ற காரம் சேர்த்துக் காய்ச்சாமல் செய்யும் சோப்புக்கும் அதே அளவு. சோயா மெழுகுவர்த்திக்கு இரண்டு வாரம். உப்பு மாவு அலங்காரங்களுக்கு, வண்ணமும் வார்னிஷும் சேர்த்து, மூன்று நான்கு நாள். காகித நட்சத்திரத்தை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். பிஸ்கட் கடைசி நான்கைந்து நாளில்.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் (அட்வென்ட்) முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதை ஓர் எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் கேக் அடுப்பிலிருந்து இறங்கியிருக்க வேண்டும், மெழுகும் திரியும் வீட்டில் இருக்க வேண்டும்.

சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இதுவரை செய்து பழகாதவர்கள் அதை இந்தச் சீசனில் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். காஸ்டிக் சோடாவை அவசரத்தில் கையாளக் கூடாது. தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும்; சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. இதையெல்லாம் அமைதியான ஒரு மாதத்தில் பழகிவிட்டு அடுத்த வருஷம் பரிசாகக் கொடுங்கள்.

3. பழக் கேக்: ஊறுவதும் முதிர்வதும்தான் வேலை

திராட்சை, உலர் அத்தி, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றை நறுக்கி, அரைக் கிலோவுக்கு ஏறத்தாழ 150 மில்லி பிராந்தியிலோ பழச்சாற்றிலோ ஓரிரவாவது ஊறவிடுங்கள். ஊறாத பழம் வேகும்போது மாவிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கேக் வறண்டுவிடும். மாவில் சேர்க்கும் முன் மிச்சத் திரவத்தை வடித்து எடுத்து வையுங்கள்.

கேக் டின்னின் அடியிலும் பக்கங்களிலும் பட்டர் பேப்பரை இரண்டடுக்காகப் போடுங்கள். 20 சென்டிமீட்டர் டின்னுக்கு 150 டிகிரி செல்சியஸில் இரண்டரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அவ்வளவு நேரம் ஓரம் கருகாமல் காப்பது அந்தக் காகிதம்தான். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் ஒன்றை மேலே லேசாக மூடலாம். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வந்தால் வெந்துவிட்டது.

டின்னிலேயே முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு சுற்றினால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். ஆறியதும் முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் ஃபாயில். ஃபாயிலை நேராகக் கேக்கின் மேல் சுற்றாதீர்கள். பழத்தின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

பிராந்தியில் செய்த கேக்குக்கு வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு மேசைக்கரண்டி ஊட்டிக்கொண்டே வரலாம். கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பு நிறுத்திவிடுங்கள், மேல்பகுதி உலர வேண்டும்.

இந்த முறையைப் பழச்சாற்றுக் கேக்குக்கு அப்படியே பின்பற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. சாற்றில் பூஞ்சையைத் தடுக்க எதுவும் இல்லை. வாரக்கணக்கில் வெளியே வைத்துச் சாறு ஊட்டினால், பிரிக்கும்போது பச்சைப் புள்ளிதான் தெரியும். சாற்றுக் கேக்கை நன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, கொடுப்பதற்கு முதல் நாள் வெளியே எடுங்கள்.

4. குடுவை மெழுகுவர்த்தி

வீட்டில் செய்யும் பரிசுகளில் அதிகம் கெட்டுப்போவதும் அதிக ஆபத்துள்ளதும் இதுதான். அதனால் இதில் நிதானமாகப் போவோம்.

முதலில் எடுத்துவைக்க வேண்டியவை: சோயா மெழுகு, அடியில் தகடு பொருத்திய பருத்தித் திரி, மெழுகுவர்த்திக்கென்றே தயாரித்த வாசனை எண்ணெய், கிராம் காட்டும் தராசு, வெப்பமானி, மூக்கு வைத்த உலோகக் குவளை, தடித்த கண்ணாடிக் குடுவைகள். தராசும் வெப்பமானியும் இல்லாமல் தொடங்காதீர்கள். கண்ணளவு இங்கே செல்லாது.

குடுவையைத் தேர்ந்தெடுக்கும்போது, குடிக்கும் மெல்லிய கிளாஸையும் வாய் குறுகிய சீசாவையும் ஒதுக்குங்கள். மெல்லியது சூட்டில் விரிசல் விடும். வாய் குறுகியதில் சுடர் மேலே வர வர விளிம்பு கொதித்துவிடும்.

அளவைக் கணக்கிட எளிய வழி உண்டு. எதுவரை மெழுகு வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். அந்த எடையை 0.86ஆல் பெருக்கினால் தேவையான மெழுகின் எடை கிடைக்கும். 200 கிராம் தண்ணீர் பிடித்தால் 172 கிராம் மெழுகு. வாசனை எண்ணெய் மெழுகின் எடையில் 6 சதவீதம், அதாவது ஏறக்குறைய 10 கிராம். அதிகம் ஊற்றினால் அதிகம் மணக்கும் என்று நினைப்பார்கள். மெழுகால் பிடித்துவைக்க முடியாத எண்ணெய் மேலே முத்து முத்தாக வியர்த்து நிற்கும், சுடர் புகையும். தண்ணீர் வைத்துப் பார்த்த குடுவையை ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்துக் காயவிடுங்கள்.

அடுத்து, திரியை ஒட்டுங்கள். தகட்டின் அடியில் ஒரு துளி சூடான பசை வைத்துக் குடுவையின் சரியான நடுவில் அழுத்திப் பிடித்து, மேல்நுனியை இரண்டு குச்சிகளுக்கு நடுவில் நிறுத்துங்கள். திரி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கக் கண்ணாடி மட்டும் சூடேறும், மறுபக்க மெழுகு உருகாமலே நிற்கும்.

மெழுகை நேரடித் தீயில் வைக்கக் கூடாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் குவளையை வைத்து உருக்குங்கள். 80 டிகிரியைத் தொட்டதும் இறக்கி, வாசனையைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெல்லக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழி ஏறும். மெழுகுப் பொதியில் வேறு வெப்பநிலை அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள், ஒவ்வொரு கலவைக்கும் அது மாறும்.

இப்போது பொறுமை. வெப்பமானி 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். ஓரத்தில் லேசான பால்நிறப் படலம் தோன்றத் தொடங்கும், குவளையின் பளபளப்பு சற்று மங்கும். அப்போது மெதுவாக, ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆறும்போது நடுவில் குழி விழும். அப்படியும் குழி விழுந்தால் மனம் தளர வேண்டாம். கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்திருந்து மறுநாள் உருக்கி மேலே ஊற்றினால் சமமாகிவிடும். குடுவைகளை நெருக்கி வைக்காமல் இடைவெளி விட்டு, காற்றோட்டமும் மின்விசிறியும் இல்லாத இடத்தில் ஆறவிடுங்கள்.

சோயா மெழுகின் மேல் பனி படர்ந்ததுபோல் வெண்மை தெரிவது அதன் இயல்பு. அதைக் குறை என்று நினைத்து உருக்கி மறுபடி ஊற்ற வேண்டாம்.

மூடி போட்டு இரண்டு வாரம் வையுங்கள். எரியும்போது வரும் வாசனை இந்த நாள்களில்தான் கூடுகிறது. பத்துக் குடுவை ஊற்றும் முன் ஒன்றே ஒன்றை ஊற்றி எரித்துப் பார்ப்பது கட்டாயம். கரி படிந்தால் திரி பெரிது; ஓரம்வரை உருகாமல் நடுவில் சுரங்கம் விழுந்தால் திரி சிறிது.

அழகுக்காகப் பட்டைத் துண்டு, காய்ந்த பூ, ஊசியிலை ஆகியவற்றை மெழுகின் மேல் பதிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். மெழுகில் ஊறிய காய்ந்த பூ இன்னொரு திரியாகிவிடும். அலங்காரம் வேண்டுமானால் குடுவைக்கு வெளியே ரிப்பனில் கட்டுங்கள், ஏற்றும் முன் கழற்றச் சொல்லுங்கள்.

உருக்கும்போது மெழுகு புகையத் தொடங்கினால் அடுப்பை உடனே அணையுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோக மூடியால் மூடி மூச்சடைக்க வேண்டும். அந்த மூடியை ஆரம்பத்திலிருந்தே கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

கூடவே ஒரு சின்ன அட்டை: முதல் முறை ஏற்றும்போது மேல்மெழுகு ஓரம்வரை உருகும்வரை எரியட்டும், ஒவ்வொரு முறையும் திரியை 5 மில்லிமீட்டருக்கு நறுக்கவும், தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அடியில் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சும்போது நிறுத்திவிடவும்.

5. மரத்தில் தொங்கவிட: உப்பு மாவும் ஆரஞ்சு வில்லையும்

இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, முக்கால் முதல் ஒரு கப் தண்ணீர். தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். 5 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து அச்சால் வெட்டுங்கள். தொங்கவிடும் துளையை ஸ்ட்ராவால் இப்போதே போட வேண்டும். காய்ந்தபின் போட்டால் உடையும். ஓரத்துக்கு மிக அருகில் துளை வேண்டாம்.

100 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவிட்டு, அவ்வப்போது திருப்பிப் போடுங்கள். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் உப்பிக்கொள்ளும், ஓரம் வளையும். முழுக்க ஆறியபின் வண்ணம், வண்ணம் காய்ந்தபின் இருபுறமும் வார்னிஷ். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், வார்னிஷ் இல்லாதது மழைநாளில் மெத்தென்று ஆகிவிடும். நாய் இருக்கும் வீட்டுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். அவ்வளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்து.

ஆரஞ்சை அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, துணியால் இருபுறமும் ஒற்றி, 100 டிகிரியில் மூன்று நாலு மணி நேரம் வையுங்கள். மணிக்கொருமுறை திருப்புங்கள். நடுப்பகுதி பிசுபிசுத்தால் இன்னும் காயவில்லை. அப்படியே கட்டித் தொங்கவிட்டால் பூஞ்சை வரும்.

6. காகிதப் பை நட்சத்திரம்

ஒரே அளவுள்ள, அடி தட்டையான காகிதப் பைகள் ஏழெட்டுப் போதும். பையை விரிக்காமல் படுக்க வைத்து, அடிப்பக்கம் குறுக்காக ஒரு கோடும், அதன் நடுவிலிருந்து வாய்வரை ஒரு கோடுமாகத் தலைகீழ் ‘T’ வடிவில் பசை தடவுங்கள். அடுத்த பையை அதே திசையில் அதன் மேல் சரியாக ஒட்டுங்கள். எல்லாவற்றையும் இப்படி அடுக்கி, பசை நன்றாகக் காய்ந்தபின் வாய்ப்பக்கத்தைக் கூராக வெட்டுங்கள். பக்கவாட்டில் சிறு முக்கோணங்கள் வெட்டினால் விரியும்போது பூவேலை தெரியும்.

பிரித்துப் பார்க்க அவசரப்பட்டு ஈரத்திலேயே விரிப்பவர்கள்தான் கிழிக்கிறார்கள். காய்ந்ததும் முதல் பையையும் கடைசிப் பையையும் பிடித்து வட்டமாகக் கொண்டுவாருங்கள். இரண்டும் இழுக்காமல் சேர்ந்தால் ஒட்டுங்கள். இழுத்தால் இன்னொரு பை தேவை. உள்ளே விளக்கு வைப்பதானால் எல்இடி மட்டுமே.

7. சாப்பிடும் பரிசுகள் கடைசி வாரத்தில்

மாவை முன்கூட்டியே செய்யுங்கள், சுடுவதைத் தள்ளிப்போடுங்கள். பிஸ்கட் மாவை உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம்கூட நன்றாக இருக்கும். தேவையானபோது வில்லையாக நறுக்கி நேராக ஓவனில் வைக்கலாம், ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

மொறுமொறுப்பானதையும் மெதுவானதையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஈரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய், மொறுமொறுப்பு நமுத்துவிடும், மெதுவானது காய்ந்துவிடும். இஞ்சி, புதினா போன்ற தூக்கலான மணம் உள்ளவையும் தனியாக.

பூண்டோ பச்சை மூலிகையோ எண்ணெயில் போட்டு அழகான சீசாவில் அடைத்துத் தருவது பார்க்க நன்றாக இருக்கும். வீட்டில் செய்து வெளியே வைத்திருந்து கொடுக்க இது தகாது. காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். நிறமோ மணமோ மாறாது என்பதால் சாப்பிடுபவருக்குத் தெரியவும் தெரியாது. இதே நோயைக் காரணம் காட்டித்தான் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். தேன் சேர்த்த எதுவாக இருந்தாலும் அட்டையில் எழுதுங்கள்.

செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், கோதுமை, பால், முட்டை, கொட்டை வகைகள், எள் ஆகியவற்றில் எது உள்ளது: இவ்வளவும் ஒவ்வொரு டப்பாவிலும் இருக்கட்டும். பொதி கட்டுவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். ரிப்பன் கட்டியபின் எந்த டப்பாவில் முந்திரி என்பது செய்தவருக்கே மறந்துபோகும்.

8. பொதி கட்டுதல்

காகிதத்தை வெட்டுவதற்கு முன் அளவெடுங்கள். பெட்டியைச் சுற்றி வரும் நீளத்தோடு மூன்று சென்டிமீட்டர் கூட்டினால் ஒரு பக்கம். பெட்டியின் நீளத்தோடு, இருபுறமும் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு சேர்த்தால் மறுபக்கம். ஓரங்களில் காகிதம் மிஞ்சினால் மடிப்பு தடித்து மூலை பிதுங்கும். பலருக்கும் பொதி கோணலாக வருவது இதனால்தான். வட்டக் குடுவைகளைக் காகிதத்தில் சுற்றிப் போராட வேண்டாம், சதுரத் துணியின் நடுவில் வைத்து மேலே முடிந்துவிடுங்கள்.

9. விருந்து: சாப்பிடும் நேரத்திலிருந்து பின்னோக்கி

சாப்பாடு ஒரு மணிக்கு என்று முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: எது எப்போது அடுப்பிலிருந்து இறங்க வேண்டும், எப்போது ஏற வேண்டும், எப்போது நறுக்க வேண்டும். எழுதிப் பார்க்கும்போதுதான் ஒரே ஓவனில் ஒரே நேரத்தில் மூன்று பதார்த்தம் நிற்பது கண்ணில் படும். ஓவன் பதார்த்தம் ஒன்று, அடுப்புப் பதார்த்தம் இரண்டு, மற்றவை முதல் நாளே செய்து குளிரவைக்கக் கூடியவை என்று பிரித்தால், வந்தவர்களோடு உட்கார்ந்து பேச உங்களுக்கும் நேரம் கிடைக்கும். விருந்தினர் வந்து பார்ப்பது உங்களைத்தானே.

உறைந்த பெரிய இறைச்சி இருந்தால் அதன் கணக்கு இன்னும் முன்பே தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்ற கணக்கில் உறைவு நீங்க விடுங்கள். மேடையில் வைத்து உருக்கினால் உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறம் கெடத் தொடங்கிவிடும்.

முதல் நாள் மாலை, பரிமாறும் பாத்திரங்களைக் காலியாகவே மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் பதார்த்தத்தின் பெயரெழுதிய சீட்டைப் போடுங்கள். கரண்டியும் கூடவே. எது குறைகிறது, எதற்கு இடமில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். மறுநாள் உதவ வருபவர்களும் ‘இதை எதில் போட’ என்று கேட்க வேண்டியிருக்காது.

குடிப்பவற்றை உணவு மேசையிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் கூட்டம் அங்கேயே முட்டும். கொடுக்க வேண்டிய பரிசுகளைப் பெயர்ச் சீட்டோடு வாசல் பக்கம் அடுக்கிவிடுங்கள், கிளம்பும் பரபரப்பில் யாருடையதும் விடுபடாது. ஏற்றிய மெழுகுவர்த்தி திரைச்சீலைக்கும் மரத்துக்கும் எட்டாத இடத்தில், குழந்தையின் கை உயரத்துக்கு மேலே.

10. சாப்பிட்டு முடிந்த பிறகு

சூடான உணவு 60 டிகிரிக்கு மேலே, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், சமைத்தது எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்கக் கூடாது. பேச்சு சுவாரசியத்தில் இதை மறப்பது எளிது. பெரிய பாத்திரம் நிறைய எடுத்து வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள்.

மிஞ்சியதை ஆழமில்லாத அகலமான டப்பாக்களில் பிரித்து உள்ளே வையுங்கள். அண்டாவோடு வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். மூன்று நாலு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள், சூடாக்கும்போது உள்வரை ஆவி பறக்க வேண்டும். விருந்தினர் கையில் கொடுத்தனுப்புவதற்குத் திரும்பக் கேட்கத் தேவையில்லாத டப்பாக்களை முன்பே எடுத்துவைத்து, அவற்றிலும் தேதியை எழுதிக் கொடுங்கள்.